பள்ளிக்கூடம் வேண்டாம் என்றொரு சொல் பிறந்த கதை

மகளுக்கு ஐந்து வயது முடிந்திருந்த மாசி மாதத்தில், ஒரு ராத்திரி, "இவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டாம்னு நினைக்கேன்" என்று வீட்டில் சொன்னேன். மனைவி தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"சரி. பகல் பத்து மணிக்கு அவகூட யாரு இருப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

நான் கோவில்பட்டியில் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறேன். தீப்பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ். ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்தால் ராத்திரி எட்டாகும். மனைவி வீட்டிலேயே தையல் போடுகிறாள். ஆகவே அந்தக் கேள்விக்கு நான் மனசுக்குள் வைத்திருந்த பதில் 'நீதான்' என்பது. அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. மூன்று மாதமாகப் படித்துப் படித்து நான் கட்டியிருந்த கோட்டையில் அந்த ஒரு கல் அப்போதே பெயர்ந்துவிட்டது.

அந்தக் கோட்டையை நான் ஒரு சொல்லின்மேல் கட்டியிருந்தேன். அன்ஸ்கூலிங். அட்டவணை போட்டு வீட்டிலேயே பாடம் நடத்துவது வீட்டுக்கல்வி. இது அதுவும் இல்லை. இதில் பாடத்திட்டம் கிடையாது, மணி அடிப்பது கிடையாது, பரீட்சை கிடையாது. குழந்தையின் மனம் எதன் பின்னால் போகிறதோ அதன் பின்னால் பெரியவர்களும் போவது. ஆட்டம், வேலை, பேச்சு, கேள்வி எல்லாமே படிப்பு. இந்தச் சொல் எங்கே, யார் வீட்டில் பிறந்தது என்று தேடிப் போனேன்.

அது பிறந்த ஊர் அமெரிக்காவின் பாஸ்டன். பெயர் வைத்தவர் ஜான் ஹோல்ட். 1923 ஏப்ரல் 14-ல் நியூயார்க்கில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலில் வேலை பார்த்தார். ஆசிரியப் பயிற்சி எதுவும் பெறாமலே பிறகு பள்ளி ஆசிரியரானார். ஐந்தாம் வகுப்பில், சக ஆசிரியர் பில் ஹல் பாடம் நடத்தும்போது, ஹோல்ட் பிள்ளைகளை மட்டும் கவனித்துக் குறிப்பெழுதினார். பிள்ளைகள் பலகையில் உள்ள கணக்கைவிட ஆசிரியரின் முகத்தையே அதிகம் பார்த்தார்கள். சரியான விடையை நோக்கிப் போகும்போது அந்த முகம் எப்படி மாறுகிறது என்று படிக்கக் கற்றிருந்தார்கள். தப்பாகிவிடுமோ என்ற பயம் அவர்களை அப்படி ஆக்கியிருந்தது. அந்தக் குறிப்புகள், குழந்தைகள் எப்படித் தோற்கிறார்கள் என்று சொல்லும் புத்தகமாக 1964-ல் வந்தன. எப்படிக் கற்கிறார்கள் என்று சொல்லும் இரண்டாவது புத்தகம் 1967-ல் வந்தது. பேசுகிறவர்களைக் கேட்டு மழலை எப்படிப் பேச்சைப் பிடிக்கிறது, ஒரு பொருளைக் கையில் வாங்கியதும் அதை என்னென்ன செய்து பார்க்கிறது என்றெல்லாம் பக்கம் பக்கமாகக் கவனித்து எழுதினார்.

அந்தக் காலத்தில் அவர் பள்ளியை எதிர்த்தவர் அல்ல, திருத்திவிடலாம் என்று நம்பியவர். 1970-ல் மெக்சிகோவின் குவெர்னவாக்காவில் இவான் இலிச்சைப் போய்ப் பார்த்தார். சமுதாயமே பள்ளியின் பிடியிலிருந்து விடுபட வேண்டும் என்று வாதிட்ட இலிச்சின் நூல் 1971-ல் வந்தது. ஹோல்ட்டின் நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. 1976-ல் எழுதிய நூலில், அடிமைகள் தப்பிப்போக அமெரிக்காவில் ஒரு காலத்தில் ரகசிய வழி இருந்ததே, அதுபோல் பிள்ளைகள் பள்ளியிலிருந்து தப்பவும் ஒரு வழி வேண்டும் என்றார். உடனே கடிதங்கள் வந்தன. எங்கோ ஒரு பண்ணையில், எங்கோ ஒரு சிற்றூரில் சில குடும்பங்கள், ஊருக்குச் சொல்லாமல், ஏற்கெனவே பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்துக்கொண்டிருந்தன. அவர்களை ஒருவரோடொருவர் சேர்த்துவைக்க 1977 ஆகஸ்டில் 'குரோயிங் விதவுட் ஸ்கூலிங்' என்ற சிறு இதழைத் தொடங்கினார். இரண்டாவது இதழில் சொல்லுக்கு வரையறை வந்தது. கட்டாயப் பள்ளிச் சட்டத்தை மாற்றுவதற்கு ஒரு சொல், பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியே எடுப்பதற்கு வேறு சொல் என்று பிரித்து, இரண்டாவதற்கு அன்ஸ்கூலிங் என்று பெயர் வைத்தார். கோலா அல்லாத பானம் என்று செவன் அப் கம்பெனி அப்போது செய்த விளம்பரம் அந்தச் சொல்லுக்குத் தூண்டுதல் என்று ஹோல்ட்டுடன் வேலை செய்த பாட் ஃபரெங்கா சொல்லியிருக்கிறார்.

பிள்ளைகள் முதலில் வளர்ந்தார்கள், பெயர் பிறகு வந்தது என்பது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஹோல்ட் கல்யாணம் செய்துகொள்ளாதவர், பிள்ளை இல்லாதவர். பகல் பத்து மணிக் கேள்வி அவர் வீட்டில் எழவே வழியில்லை. அந்த நாட்டிலும் அதற்குப் பதிலாக நின்றவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள்தான். அப்பாக்கள் சம்மதித்தார்கள், அம்மாக்கள் கூட இருந்தார்கள். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஹோல்ட் பிறந்த அதே 1923-ல், செப்டம்பர் 16 அன்று, கோவில்பட்டிக்குத் தெற்கே திருநெல்வேலி போகிற சாலையில் இருக்கும் இடைசெவலில் எழுத்தாளர் கி.ராஜநாராயணன் பிறந்தார். ஏழு நாள் கழித்து அதே ஊரில் கு.அழகிரிசாமி பிறந்தார். ஒருவர் சம்சாரி வீட்டுப் பிள்ளை, மற்றவர் தட்டார் வீட்டுப் பிள்ளை, உயிர் நண்பர்கள். அழகிரிசாமி பள்ளிப் படிப்பை முடித்து வேலைக்குப் போனார். கோவில்பட்டிப் பள்ளியில் சேர வரும் கிராமத்துப் பையன்கள் ரயிலேறுவதை வைத்து 'குமாரபுரம் ஸ்டேஷன்' எழுதியவர் அவர். கி.ரா. எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. முதல் கதை அச்சேறியபோது அவருக்கு முப்பது வயது தாண்டி வருஷங்கள் ஆகியிருந்தன. 1970-க்கான சாகித்திய அகாதெமி விருது அழகிரிசாமிக்கு, அவர் மறைந்த பிறகு வந்தது. 1991-ல் கி.ரா.வுக்கு வந்தது. இருவருக்கும் சங்கீதப் பைத்தியம். விளாத்திகுளம் சுவாமிகளின் பாட்டு எங்கே என்று தேடிப்போய்க் கேட்ட கூட்டம் அது. அங்கே பாஸ்டனில் ஹோல்ட், நாற்பது வயதுக்குமேல் செல்லோ வாத்தியத்தைக் கையில் எடுத்துக் கற்றார்; அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

படிக்காதவரை நம் பக்கத்தில், மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர் என்பார்கள். கி.ரா. அந்தப் பேச்சை எடுத்துத் திருப்பிப்போட்டார். தான் ஒதுங்கியதாகவும், அங்கே நின்றபோதும் கண் மழைமேலேயே இருந்ததாகவும் சொல்லிக்கொண்டார். அன்ஸ்கூலிங் பற்றிப் பேசுகிற தமிழ் அப்பாக்கள் எல்லோருக்கும் இது மனப்பாடம். எனக்கும் அப்படித்தான். 'பள்ளிக்கூடம் போகாத ஆள், பின்னால் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியர்' என்று சொல்லி எத்தனை பேரின் வாயை அடைத்திருப்பேன்.

ஆனால் அவர் தொகுத்து 1982-ல் வெளிவந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை இந்த வருஷம் மறுபடி புரட்டியபோது வேறொன்று கண்ணில் பட்டது. வட்டார வழக்குக்கென்று தனியாக ஓர் அகராதி தமிழுக்குக் கிடைத்ததே இந்த மண்ணிலிருந்துதான். அதில் இருப்பவை வேலையின் சொற்கள். உழவு, களம், மாடு, பருத்தி, சமையல், நோவு, வசவு, விளையாட்டு. வேலை செய்கிற பெரியவர்களுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை குத்தவைத்து உட்கார்ந்து, யாரும் விரட்டாமல், மணிக்கணக்காகக் கேட்டால்தான் இப்படிச் சொற்கள் சேரும். பகல் பத்து மணிக்கு கி.ரா.வோடு யார் இருந்தார்கள் என்ற கேள்விக்கு அந்த அகராதியே பதில். ஊரே இருந்தது. பருத்திக்காட்டில் மாராப்புக் கட்டிப் பருத்தி எடுத்த பெண்கள், படப்பு மேய்ந்தவர்கள், கீதாரிகள், சாவடியில் கதை சொன்ன கிழவர்கள்.

இன்றைக்குப் பத்து மணிக்கு எந்தக் கரிசல் கிராமத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். இளவட்டங்கள் பஸ்ஸேறி மில்லுக்கும் கம்பெனிக்கும் போயிருப்பார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். திண்ணையில் இரண்டு பாட்டிகள். அந்த ஊருக்குள் ஒரு குழந்தையை 'உன் பாட்டுக்குக் கற்றுக்கொள்' என்று விட்டால், அது யார் பக்கத்தில் போய்க் குத்தவைக்கும்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கி.ரா. காது கொடுத்துத் திரிந்ததுபோல் அந்தக் காலத்தில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் எல்லாத் தெருவிலும் திரிந்திருக்க முடியாது. எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு சாதி. அந்த எல்லையைத் தாண்டி எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்த இடம், எவ்வளவு குறை இருந்தாலும், பள்ளிக்கூடம். வீட்டிலேயே வளரும் பிள்ளை தன் தெருவுக்குள்ளேயே வளரும். பட்டணத்து அன்ஸ்கூலிங் புத்தகங்களில் இந்தப் பக்கம் இல்லை.

விஷயம் எப்படியோ அம்மாவின் காதுக்குப் போய்விட்டது. அடுத்த நாளே எட்டயபுரத்துப் பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸேறி வந்துவிட்டாள்.

"பிள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டியாமே, நெசமாய்யா?"

நான் ஹோல்ட்டைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். அம்மா முழுவதும் கேட்டாள். பிறகு வலது கையை என் முன்னால் நீட்டினாள். பசையில் ஊறி ஊறி நகக்கண் தடித்துப்போன விரல்கள். ஏழு வயதில் தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்ட உட்கார்ந்தவள் அவள். வாய்ப்பாடு தெரியாது; குரோஸ் தெரியும். நூற்று நாற்பத்து நான்கு பெட்டி ஒரு குரோஸ், ஒரு நாளைக்கு இத்தனை குரோஸ் ஒட்டினால் சனிக்கிழமை கையில் எவ்வளவு வரும் என்று இமைப்பதற்குள் சொல்வாள். பாடத்திட்டம் இல்லாமல், பரீட்சை இல்லாமல், வாழ்க்கையிலிருந்தே கற்ற கணக்கு. ஹோல்ட்டின் வரையறைக்குள் ஒரு சொல் பிசகாமல் உட்காரும். "எனக்கும் யாரும் மணி அடிக்கலய்யா" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கல்கத்தாவுக்குப் போய்த் தொழிலைக் கையால் செய்தே கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியதும் அதே 1923-ல்தான். மழை பொய்க்கிற கரிசலில் அது எத்தனையோ அடுப்புகளை எரியவைத்தது, என் அடுப்பையும் சேர்த்து. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று அது பரவியபோது குழந்தைகளின் கையும் அதற்குள் போனது. விடியுமுன் கிராமத்துக்குள் வண்டி வந்து நின்று, தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போன காலத்தை நாற்பது வயது தாண்டிய எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். குச்சி அடுக்குவதற்குச் சின்ன விரல்தான் தோது என்று சொல்லுவார்கள். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. 6 முதல் 14 வயது வரை கல்வியை உரிமையாக்கிய சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அது. அந்த வரியைப் படிக்கும்போது பாஸ்டன் அப்பாவுக்குக் கோபம் வரலாம். என் கண்ணுக்கு அம்மாவின் விரல்தான் தெரிகிறது.

அம்மா மூன்றாவது வரை போயிருக்கிறாள். "சோத்துக்குப் போனேன், எழுத்தும் கொஞ்சம் ஒட்டிக்கிச்சு" என்பாள். பள்ளியில் பகல் உணவு போடும் திட்டத்தை 1956-ல் காமராஜர் தொடங்கிவைத்த இடம் எட்டயபுரம். அவரும் சின்ன வயதில் அப்பாவை இழந்து, பாதியிலேயே பள்ளியை விட்டவர். பள்ளி கிடைக்காத பிள்ளையின் பகல் எப்படி இருக்கும் என்று அறிந்தவர், பாரதி பிறந்த ஊரில் சோற்றை வைத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

அந்த எட்டயபுரத்தில்தான் இந்தக் கதையின் இன்னொரு அப்பா, பாரதியின் அப்பா, இருக்கிறார். சின்னசாமி ஐயர். சமஸ்தானத்தில் வேலை, கணக்கிலும் எந்திரங்களிலும் அபாரமான ஈடுபாடு. பருத்தி விளையும் மண்ணில் பருத்தி ஆலை வைத்துப் பார்த்தவர். 1882-ல் பிறந்த சுப்பையாவுக்கு ஐந்து வயதாகும்போது தாய் லட்சுமி அம்மாள் இறந்துபோனார். அதன் பிறகு பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குச் சொல்லித்தந்தார் அப்பா. மகன் இங்கிலீஷ் படித்து, எந்திரங்களைப் புரிந்துகொண்டு பெரிய ஆளாக வேண்டும் என்பது அவர் கனவு. தெருப் பையன்களோடு விளையாட விடவில்லை. மரமேறி ஆடுகிற மற்றப் பிள்ளைகளைத் தூரத்திலிருந்து பார்த்து ஏங்கியதைப் பாரதி தன் கதையைச் சொல்லும் கவிதையில் எழுதியிருக்கிறார். பதினோரு வயதில் எட்டயபுரத்தில் பாரதி என்று பட்டம் வாங்கிய பையன், 1894-ல் திருநெல்வேலிக்கு இந்துக் கல்லூரிப் பள்ளியில் படிக்கப் போனான். அந்தப் படிப்பு தன் தகப்பனாரின் பணத்தையும் தின்று தனக்கும் கேடாக முடிந்தது என்று பிற்பாடு மனம் நொந்து சொன்னவர் பாரதி. ஆலை நொடித்தது. 1898-ல் சின்னசாமி ஐயர் இறந்தபோது மகனுக்குப் பதினைந்து வயது.

இத்தனை நாளும் இந்த அப்பாவை மகனின் பாட்டைத் தடுத்தவராகவே நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. பெண்டாட்டியை இழந்த ஒரு மனிதர், வேலையும் ஆலையும் கழுத்தை நெரிக்கிற நேரத்தில், பிள்ளையைத் தானே பக்கத்தில் வைத்துக் கற்றுக்கொடுக்க முயன்றிருக்கிறார். பத்து மணிக்கு இருந்த அப்பா அவர். கூட இருந்தும், பிள்ளை எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்று மட்டும் அவர் பார்க்கவில்லை. பாரதி தானே தகப்பனாகி, புதுச்சேரியில் இரண்டு பெண்களை வளர்த்துக்கொண்டு 1915-ல் பாப்பாவுக்குப் பாடியபோது, ஓடியாடுவதில்தான் தொடங்கினார். எட்டயபுரத்துத் தெருவில் ஆடாமல் நின்ற பையன் அதில் கொஞ்சம் இருப்பான் என்று நினைக்கிறேன்.

அம்மா ஊருக்குத் திரும்பிய பிறகு மனைவி ஒரு வழி சொன்னாள். "பள்ளிக்கூடம் திறக்க ஜூன் ஆகும். அதுவரைக்கும் நீங்க இருந்து பாருங்க. அப்புறம் பேசுவோம்." சுவரில் மாட்டியிருந்த சிவகாசித் தினசரி காலண்டரில் அன்றன்றைக்குக் கிழிக்கிற தாளின் பின்பக்கம், நான் மகளோடு இருந்த நேரத்தைப் பென்சிலால் குறித்து ஒரு டப்பாவில் போட ஆரம்பித்தாள். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. தையல் கணக்கும் அவள் அப்படித்தான் வைத்திருப்பாள்.

முதல் இரண்டு வாரம் எனக்கு வெட்கக்கேடு. வீட்டில் இருப்பேன், கையில் போன் இருக்கும். புரூப் பார்ப்பேன், லேபிள் கலர் சரியில்லை என்று யாரையாவது சத்தம் போடுவேன். ஓர் அரைமணி நேரம் கிடைத்தால் மகளுக்கு எதையாவது 'கற்றுக்கொடுக்க' முனைவேன். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். ஹோல்ட் வகுப்பறையில் கண்ட அதே பார்வை என் வீட்டு நடையில் இருந்தது.

பங்குனியில் ஒருநாள் ஊருக்குப் போயிருந்தோம். அறுப்பு முடிந்த புஞ்சை வெயிலில் வாய்பிளந்து கிடந்தது. மகள் ஒரு வெடிப்பின் ஓரம் குப்புறப்படுத்து உள்ளே பார்த்தாள். குச்சியை விட்டாள், முழுசும் போனது. எழுந்து ஓடி, பாட்டி வீட்டில் இருந்த தன் அம்மாவின் பையிலிருந்து இஞ்சு டேப்பைக் கொண்டுவந்து, நுனியில் கல் கட்டி இறக்கினாள். இருபத்தாறு இஞ்சில் தட்டியது. "கீழ என்னப்பா இருக்கு? ஏன் கிழிஞ்சிருக்கு?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷமாக இந்த வெடிப்புகளைத் தாண்டி நடந்திருக்கிறேன், தெரியவில்லை. பக்கத்துப் புஞ்சைப் பெரியவரிடம் போய்க் கேட்டோம். தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும் மண் இது. மேல்மண் வெடிப்பில் உதிர்ந்து கீழே போகும், மழைக்குக் கீழ்மண் புரண்டு மேலே வரும், தன்னைத் தானே உழுதுகொள்ளும் என்றார். "மழை பெஞ்சா மூடிக்கும் தாயீ, வந்து பாரு."

அதிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. மழை எப்போது வரும், எத்தனை இஞ்சு மூடும், உள்ளே விழுந்த குச்சி என்ன ஆகும். இலக்கம் அவளாகவே எழுதினாள், 26-ஐத் திருப்பி 62 என்று போட்டு, மறுநாள் டேப்பைப் பார்த்துத் தானே திருத்தினாள். வாரத்துக்கு இரண்டு முறை பஸ்ஸில் ஊருக்குப் போனோம். நான் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகப் பழகினேன். அச்சகத்தில் இரண்டு வேலை கைவிட்டுப் போனது. மனைவியின் டப்பாவில் தாள் சேர்ந்தது.

சித்திரைக் கடைசியில் கோடை மழை இறங்கியது. மறுநாள் காலை மூவரும் போனோம். செருப்பில் கரிசல் அப்பி, ஒவ்வொரு காலும் மண்கட்டியாகக் கனத்தது. குச்சி நட்டு அடையாளம் வைத்த வெடிப்பின் வாய் ஒட்டியிருந்தது. இஞ்சு டேப் இரண்டு விரற்கடைக்குமேல் இறங்கவில்லை. மகள் மண்ணில் காதை வைத்துக் கேட்டாள். பாட்டியைக் கூப்பிட்டு அவளையும் குனிந்து கேட்கச் சொன்னாள். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு அந்த ஈரத்தில் உட்கார்ந்தாள்.

நேற்று ராத்திரி டப்பாவைக் கொட்டிக் கணக்குப் பார்த்தோம். பங்குனி, சித்திரை, வைகாசி. மனைவி தாள்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிக் கூட்டினாள். மொத்தம் நூற்றுப் பதினெட்டு மணி. "பகல் பத்து மணிக்கு நீங்க இருந்தது இருபத்தொரு நாள்" என்றாள். தெருக்கோடி அரசுப் பள்ளியின் விண்ணப்பம் பூர்த்தி செய்து தையல் மிஷின்மேல் இருக்கிறது. அம்மாதான் வாங்கிவைத்துப் போனாள். கையெழுத்து இன்னும் போடவில்லை. போட்டாலும் போடாவிட்டாலும் தாளில் குறிப்பதை நிறுத்தப் போவதில்லை என்று மனைவி சொல்லிவிட்டாள். வைகாசி கடைசித் தாளைக் கிழித்துப் பின்பக்கம் திருப்பி, பென்சிலை என் கையில் கொடுத்தாள்.